வாய்க்கரிசி மேல் போட்ட பழி

என் ஆசை அண்ணன் மாணிக்கத்துக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். உன்னிடம் அதைக் கேட்டால் எனக்கே சிரிப்பு வந்துவிடும், பிறகு கோபம் போய்விடும். அது போவதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் கத்தும்போதெல்லாம் "இவளுக்கு மூக்குமேல கோவம்" என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு பந்து விளையாடக் கிளம்பிவிடுவாய். இப்போது அப்படிக் கிளம்ப முடியாதல்லவா? இருந்து கேள்.

இதைப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். நீயும் நானும் பேசுவதை ஊரே கேட்கட்டும். தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வாங்குகிறார்கள்.

உன்னைப் பேயாக்கிவிட்டார்கள் அண்ணே. பீடோங்கில் புடவைக் கடை வேலை முடிந்து பஸ் இறங்கி, ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான நம் லயத்துக்கு நடந்து வரும்போது என் காதிலேயே விழுகிறது. சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைக்கு "மாணிக்கம் வரான் பாரு" என்று சொல்லித்தான் இப்போது சோறு ஊட்டுகிறார்கள். எந்தப் பிள்ளைகளுக்கு? ஞாயிற்றுக்கிழமைகளில் நீ டிராக்டரில் ஏற்றிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிக் காட்டினாயே, அந்தப் பிள்ளைகளின் தம்பி தங்கச்சிகளுக்கு.

போன மாதம் கூலிமிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் வாயைத் திறக்கவில்லை, அவனுடைய அத்தைதான் பேசினாள். சுவரில் மாலை போட்டிருக்கும் உன் படத்தைப் பார்த்ததும் பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். பேய்ப் படத்தில் நடித்துச் செத்துப்போனவன் வீடா இது என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம், ராத்திரியில் வருவான், இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். காரை எடுத்துக்கொண்டு போனவர்கள்தான். நீ இருந்திருந்தால் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அம்மா சிரிக்கவில்லை. அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டு, எல்லாம் என் கையால் வந்தது என்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பாழாய்ப்போன அந்தப் படம் எப்படி நம் தோட்டத்துக்கு வந்தது என்று உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வீடியோ டெக் வந்த புதிது அது. பினாங்கில் கல்யாணங்களை வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தர், தானும் டைரக்டர் ஆகிவிட வேண்டும் என்று ஒரு கேமராவையும் நாலு ஆட்களையும் வேனில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். செத்தவர்கள் எழுந்து வரும் கதை. தோட்டத்துத் துரை ஒருவன் ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரனை அடித்துக் கொன்று புதைத்துவிடுவான். செத்தவன் குழியிலிருந்து எழுந்து, தனக்கு முன்னால் அதே துரையால் செத்தவர்களையெல்லாம் எழுப்பிக் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போவான். அங்கே துரையின் கழுத்தை நெரிப்பான். அவ்வளவுதான் படம்.

நடிகர்களைக் கூட்டிவர அவருக்கு வசதி இல்லை. லயத்து ஆட்களே பிணங்கள். துரையாக நடிக்க மட்டும் முழுக்கால் சட்டையும் கொஞ்சம் தொந்தியும் உள்ள ஆள் வேண்டும் என்றார். ஆபீஸில் நம் சம்பளக் கணக்கு எழுதுகிற கிராணி தானே முன்வந்தார். அவர் நடப்பு அதற்கு முன்பே துரை மாதிரிதான், ஒத்திகைகூடத் தேவைப்படவில்லை. ஒல்லியாக, பனைமரம் போல வளர்ந்து நின்ற உன்னைப் பிணங்களுக்குத் தலைவன் ஆக்கினார்கள்.

ராத்திரிக் காட்சிகளையெல்லாம் பட்டப்பகலில் ரப்பர் மரத்து நிழலில் எடுத்தார்கள். கேமராவுக்கு முன்னால் நீலத் தாளைப் பிடித்தால் அது ராத்திரியாம். புகைக்கு, கொசுமருந்து அடிக்கிற மெஷின். குழிக்குள்ளிருந்து ஊரை நடுங்க வைத்துக்கொண்டு எழ வேண்டிய நீ லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டே எழுந்தாய். உனக்கு மேக்கப் போட்டது நான்தான். என் பவுடர் டப்பாவை உன் மூஞ்சியிலேயே காலி செய்தேன், மண்ணெண்ணெய் விளக்கின் கரியைக் கண்ணைச் சுற்றித் தடவினேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, இந்த மூஞ்சிக்கு எவன் பெண் கொடுப்பான் என்று என்னிடம் சண்டைக்கு வந்தாய்.

சாவு வீட்டுக் காட்சியில்தான் வினை. டைரக்டர் ஒரு பாயை விரித்து, உன்னைப் படுக்க வைத்து, நாலு பெண்களைச் சுற்றி உட்கார்ந்து அழச் சொன்னார். நம் லயத்துப் பெண்களுக்கு அது பொறுக்கவில்லை. சாவுச் சடங்கை அரைகுறையாகச் செய்ய அவர்களுக்குத் தெரியாது. தலைமாட்டில் விளக்கு இல்லாமல் என்ன சாவு என்றாள் ஒருத்தி. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள் இன்னொருத்தி. நெற்றியில் காசு வைத்தார்கள், தாடையைச் சுற்றித் துணி கட்டினார்கள். டைரக்டர் இதெல்லாம் வேண்டாம், சும்மா நடித்தால் போதும் என்று கெஞ்சிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கருப்பாயி அக்கா விடவில்லை.

"எங்க தோட்டத்துப் பேரக் கெடுக்காதீங்க தம்பி. பாக்குறவங்க, இவங்களுக்குச் சாவு வீட்டு முறையே தெரியலன்னு சொல்லிடுவாங்க லா."

அவள்தான் அம்மாவையும் இழுத்துக்கொண்டு வந்தாள். பெற்றவள் உயிரோடு இருக்கும்போது வேறு எவள் வாய்க்கரிசி போடுவது என்று அவளுக்கு நியாயம். அம்மா சிரித்துக்கொண்டேதான் வந்தாள். கை நிறையப் பச்சரிசியை அள்ளி உன் வாயில் போட்டாள். நீ ஒரு கண்ணைத் திறந்தாய்.

"சோறா ஆக்கிப் போடும்மா. அரிசியக் கடிக்க முடியல."

அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் அப்படியே சாய்ந்து சிரித்தார்கள். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி எடுத்தார். மறுபடியும் நீ சிரித்தாய், மறுபடியும் எடுத்தார். அன்றைக்கு அம்மா உனக்கு எத்தனை முறை வாய்க்கரிசி போட்டாள் என்று அவளிடம் இப்போது கேட்டால், ஒவ்வொன்றையும் சொல்கிறாள்.

படத்தை முதலில் நம் தோட்டத்து ஹாலில்தான் போட்டார்கள். கிராணியின் கழுத்தை நீ நெரிக்கிற இடத்தில் கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. அந்தக் கைதட்டல் எதற்கு என்று மனிதருக்குப் புரியவே இல்லை, தன் நடிப்புக்கு என்று எழுந்து நின்று கும்பிட்டார். அதற்குப் பிறகு திருவிழா வந்தால் போதும், அந்தக் கேசட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஜித்ராவில் சித்தி மகள் கல்யாணத்தில்கூட ஆட்கள் உன்னைச் சூழ்ந்துகொண்டு பேய் மாதிரி நடந்து காட்டச் சொன்னார்கள். நீயும் வெட்கமில்லாமல் நடந்து காட்டினாய்.

அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டாய்.

எப்படிப் போனாய் என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் வேறு யாரும் சொல்வதில்லை. பால் ஏற்றுகிற டிராக்டரில் பிரேக் பிடிக்கவில்லை. விடியற்காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டில், எல்லார் முன்னாலும் நீ கிராணியிடம் அதைச் சொன்னாய். மழை பிடித்ததிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாய். அவர் என்ன பதில் சொன்னார்? "வண்டி ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எதுக்குடா பிரேக்கு?" நாலு பேர் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

அதுதான் உன்மேல் எனக்குள்ள கோபம். படத்தில் அவர் கழுத்தைப் பிடித்த கையைப் பெரட்டில் ஏன் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய்? வண்டியை எடுக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? தெரியும், நீ என்ன சொல்வாய் என்று தெரியும். வேலை போனால் லயத்து வீடும் போகும், அம்மாவையும் உன்னையும் எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்பாய். தெரிந்துதான் கேட்கிறேன். எங்கேயாவது வைத்திருக்கலாம். மரத்தடியில் வைத்திருந்தாலும் உன்னோடு இருந்திருப்போம் இல்லையா?

ஆற்றங்கரைச் சரிவில், பால் நிறைந்த தொட்டி பின்னாலிருந்து தள்ள, டிராக்டர் உன்னோடு கவிழ்ந்தது. மழையில் ஓடிய பால் ஆற்றில் வெள்ளையாகப் போனதைப் பார்த்துத்தான் ஆட்களுக்கே தெரிந்தது.

சாவு வீட்டுக்குக் கிராணி மாலையோடு வந்தார். துக்கம் விசாரிக்கிற மாதிரி பெண்கள் பக்கம் வந்து, தாழ்ந்த குரலில் கருப்பாயி அக்காவிடம் சொன்னார்: "உயிரோட இருக்கிறவனுக்குச் சாவுச் சாங்கியம் செஞ்சீங்க. எமன் சும்மா விடுவானா?" எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் லயம் முழுக்க அதையே பேசியது. அதற்குப் பிறகு பிரேக் என்று ஒரு ஆள் வாயைத் திறக்கவில்லை. எமனிடம் போய் யார் விளக்கம் கேட்பது? எமன்மேல் பழியைப் போட்டுவிட்டால் ஆபீஸில் ஒருத்தருக்கும் ஒரு தலைவலியும் இல்லை. படத்தில் நடித்தபோது வராத நடிப்பெல்லாம் அன்றைக்கு வந்தது அந்த மனிதருக்கு.

வாய்க்கரிசி போட அம்மாவைக் கூப்பிட்டார்கள். அரிசியை அள்ளினாள். உன் முகத்தைப் பார்த்தாள். அப்படியே கையை மூடிக்கொண்டாள்.

"நான் போட்டாச்சு. அப்பவே போட்டுட்டேன்."

யார் பிடித்து இழுத்தும் அந்தக் கை திறக்கவில்லை. பெற்றவள் கையால் ஒரு மணி அரிசிகூட வாயில் இல்லாமல்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நீ போய் ரொம்ப நேரம் கழித்து நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வியர்வையில் அரிசி உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அம்மா தன் கையால் யாருக்கும் எதையும் பரிமாறுவதில்லை. சமைப்பாள், சட்டியை என் பக்கம் நகர்த்துவாள், நீயே போட்டுக்கொள் என்று திரும்பிக்கொள்வாள். பக்கத்து வீட்டுக் குழந்தை தவழ்ந்து வந்து கை நீட்டினால் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்கிறாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். பிரேக் என்று நான் ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொள்கிறாள். தன் மகனைத் தானே கொன்றுவிட்டதாக ஒரு பெண் நம்பிக்கொண்டு தினமும் எழுந்து பால்வெட்டப் போகிறாள் அண்ணே. உனக்குப் புரிகிறதா அது எப்படி இருக்கும் என்று?

கிராணியோ படம் போடுவதை நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவார், அவர் மூஞ்சி அதில் இருக்கிறதே. படத்துக்கு முன்னால் இப்போது ஒரு பிரசங்கம் வேறு. நம் மாணிக்கம் நல்ல பிள்ளை, ஆனால் தெய்வக் காரியத்தோடு விளையாடியதற்கு உயிரைக் கொடுத்துவிட்டான், அவனுக்காக எல்லாரும் எழுந்து நில்லுங்கள் என்பார். எல்லாரும் நிற்பார்கள். பெரட்டில் உன் பக்கத்திலேயே நின்று, நீ சொன்னதைக் கேட்ட அதே ஆட்கள்.

இந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில் எனக்குப் பொறுக்கவில்லை. நீ போனதிலிருந்து அம்மா ஹால் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மத்தியானம் படம் போடப்போகிறார்கள் என்று மைக்கில் சொன்னதும் அவள் கையைப் பிடித்தேன். வர மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். "நீ கொன்ன மகன் எப்படி இருக்கான்னு வந்து பாரு" என்றேன். என் வாயிலிருந்து அது வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு எனக்கு முன்னால் நடந்தாள்.

ஜன்னல்களில் கோணிச் சாக்கு கட்டி ஹாலை இருட்டாக்கியிருந்தார்கள். முன்வரிசையில் கிராணி. பிரசங்கம் முடிந்தது, எல்லாரும் நின்றார்கள், உட்கார்ந்தார்கள். நாங்கள் பின்னால் சுவரோரம் உட்கார்ந்தோம். கருப்பாயி அக்கா எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்று உனக்குச் சொல்லவில்லையே, நீ கவிழ்ந்த அந்த டிராக்டரை நிமிர்த்தி, பச்சை பெயிண்ட் அடித்து மறுபடி ஓட விட்டிருக்கிறார்கள். அதை இப்போது ஓட்டுவது அவளுடைய மருமகன்.

சாவு வீட்டுக் காட்சி வந்தது. டிவியில் அம்மாவின் கை வருகிறது. அரிசியை உன் வாயில் போடுகிறது. எத்தனை முறை எடுத்தும் உன்னால் ஒழுங்காகச் சாக முடியவில்லை அண்ணே. உதடு கோணுகிறது, கன்னம் துடிக்கிறது, நான் அப்பிய பவுடர் வெடிப்பு விடுகிறது. ஹாலில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. பேயைப் பார்க்கிற மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள்.

"சிரிக்கிறான் பாருடி. என் கை பட்டு சிரிக்கிறான்."

மெதுவாகத்தான் சொன்னாள். அப்புறம் எழுந்து நின்றாள். பின்னாலிருந்து, அத்தனை பேர் தலைக்கு மேலே, அவள் குரல் முன்வரிசைக்குப் போனது.

"கிராணி ஐயா. பிரேக்கு பிடிக்கலன்னு என் மகன் உங்ககிட்ட சொன்னானா, சொல்லலையா?"

அவர் திரும்பிப் பார்க்காமலேயே, படம் ஓடுகிறது, உட்காருங்கள் என்றார். அம்மா உட்காரவில்லை. அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாள், ஐயா என்ற மரியாதைகூடக் குறையாமல். டிவியைப் பார்த்துக்கொண்டே சனம் முழுக்கக் கல்லாக உட்கார்ந்திருந்தது. அவர்களை நான் இந்த ஜென்மத்தில் மன்னிக்கப் போவதில்லை. ஒரே ஒருத்திதான் எழுந்தாள்.

"சொன்னான். பெரட்டுல நான் பக்கத்துலதான் நின்னேன். இப்ப என் மருமவனும் அதையேதான் சொல்றான்" என்றாள் கருப்பாயி அக்கா.

எமன் பேச்சை வீடு வீடாகக் கொண்டுபோனவள் அவள்தான். அதனால் அவளைக் கட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மருமகன் உயிர் என்று வந்ததும் வாய் திறந்துவிட்டது, இல்லையா? இருந்தாலும் எழுந்தாளே, அதைச் சொல்லியாக வேண்டும்.

கிராணி எழுந்து வெளியே போனார். தன் சாவைப் பார்க்காமலே போன முதல் திருவிழா அவருக்கு. நீ அவர் கழுத்தை நெரித்தபோது ஹாலில் ஒரு கைதட்டலும் இல்லை.

அம்மா மாறிவிட்டாள் என்று நான் கதை விடமாட்டேன். நேற்று ராத்திரியும் சட்டியை என் பக்கம் நகர்த்தித்தான் வைத்தாள். ஆனால் பிரேக் என்ற சொல்லை அவளே சொல்கிறாள். அடுப்பை ஊதிக்கொண்டே, தனக்குத்தானே, கோபமாகச் சொல்கிறாள். இத்தனை நாள் தன்மேல் இருந்த கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போகத் தொடங்கியிருக்கிறது. எனக்கு அது போதும்.

வேலையை மேற்பார்க்கிற மண்டோரிடம் கிராணி, கிழவியை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல், லயத்து வீடு யாருக்கும் சாசனம் இல்லை என்று சொல்லியனுப்பினார். மண்டோர் வாசலில் நின்று, தலையைச் சொறிந்துகொண்டு, இதைச் சொன்னார். அம்மா வேலைக்குப் போட்டுக்கொள்ளும் நீளக்கைச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை நான் வேலைக்கு வரவில்லை, சுங்கைப் பட்டாணியில் தொழிலாளர் இலாகாவுக்குப் போகிறேன், கிராணியிடம் அதையும் சொல்லிவிடுங்கள் என்றாள். மண்டோர் போன பிறகு என்னைப் பார்த்து, அங்கே மலாயில்தான் பேச வேண்டுமா என்று கேட்டாள். நான் பேசுகிறேன் என்றேன். இல்லை, சொல்லிக் கொடு, நானே பேசணும் என்றாள்.

எனவே ராத்திரி முழுக்க அவளுக்குப் பாடம். 'என் மகன் சொன்னான், அவர்கள் கேட்கவில்லை.' இந்த ஒரு வரியை மலாயில் சொல்லிச் சொல்லிப் பழகுகிறாள். உச்சரிப்பு படுமோசம். ஆனால் கேட்கிறவர்களுக்குப் புரியும்.

அந்தப் படத்தில் எனக்கு ஒன்று பிடிக்கவே இல்லை அண்ணே, அப்போது சொல்லத் தெரியவில்லை. உயிரோடு இருக்கிற ஒரு ஆளும் அதில் துரையிடம் வாயைத் திறப்பதில்லை. எல்லாரும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அதனால்தான் செத்தவர்கள் குழியைத் தோண்டிக்கொண்டு எழுந்து வர வேண்டியிருக்கிறது. என்ன கேவலம் அது! நியாயம் கேட்கக்கூடச் செத்தவனைத்தான் எழுப்ப வேண்டுமா?

நீ எழுந்து வர வேண்டாம். உன்னை இனி யாரும் எழுப்பவும் விட மாட்டேன், பிள்ளைகளைப் பயம் காட்டவும் சரி, வேறு எதற்கும் சரி. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அம்மாவும் நானும் கருப்பாயி அக்காவும் போகிறோம். அன்றைக்குப் பதில் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். மறுபடி போவோம். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, அங்கிருந்தும் போவோம். உன்னைக் கொன்றது அம்மாவின் கை இல்லை என்று ஆபீஸ்காரர்கள் வாயாலேயே அம்மாவிடம் சொல்ல வைக்காமல் நான் ஓயமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

நீ படுத்துத் தூங்கு. உயிரோடு இருக்கிற நாங்கள் போய்க் கேட்டுக்கொள்கிறோம்.

உன்னோடு போட்ட சண்டையை இனி உனக்காகப் போடப்போகும்
உன் தங்கச்சி
பார்வதி